கம்ப்யூட்டர் ‘ஆன்’ ஆகலையா? அவசரப்பட்டு ‘பார்மட்’ போடாதீங்க!

அரக்கோணம்,-

“ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் ஓடிச்சு. காலையில பட்டனை அழுத்தினா எழும்பவே மாட்டேங்குது.” வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் புலம்பல் இது. உடனே, “விண்டோஸ் போயிடுச்சு, பார்மட் போட்டுடலாம்” என்று பக்கத்தில் ஒருவர் யோசனை சொல்வார். அதற்கு தலையாட்டினால் பிள்ளையின் மார்க் ஷீட், கல்யாண போட்டோ எல்லாம் அதோடு போய்விடலாம்.

கம்ப்யூட்டர் கிளம்பாவிட்டாலும், உள்ளே இருக்கும் பைல்கள் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும். எங்கே நிற்கிறது என்பதை மட்டும் கவனித்தால் போதும்.

லைட்டே எரியலையா?

கோளாறு மின்சாரத்தில் இருக்கிறது. அதே பிளக்கில் செல்போன் சார்ஜரை போட்டுப் பாருங்கள். பெட்டியின் பின்பக்க சுவிட்ச், பவர் கேபிள் இரண்டையும் சரிபாருங்கள். அப்படியும் வரவில்லை என்றால் எஸ்.எம்.பி.எஸ். மீது சந்தேகம். கரண்ட் போய் வரும்போது வோல்டேஜ் ஏறி இறங்கினால் முதலில் அடிபடுவது இதுதான். பிளக்கை பிடுங்கிய பிறகும் இதற்குள் மின்சாரம் தேங்கி நிற்கும் என்பதால் நீங்களே திறக்கக் கூடாது. லேப்டாப் என்றால் சார்ஜரை கழற்றிவிட்டு பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மாட்டி ‘ஆன்’ செய்யவும்.

பேன் சுத்துது, திரை கறுப்பா?

மானிட்டர் கேபிளை கழற்றி மாட்டுங்கள். பீப், பீப் என்று சத்தம் வந்தால் பெரும்பாலும் ‘ராம்’ பிரச்சினை. பிளக்கை பிடுங்கிவிட்டு, பெட்டியின் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு, ராமை கழற்றுங்கள். அதன் பொன்நிற முனையை பென்சில் ரப்பரால் லேசாக தேய்த்து, தூசி தட்டி மாட்டினால் பல நேரம் சரியாகிவிடும். செலவு ஒன்றுமில்லை.

தேதி, நேரம் தப்பாக காட்டுகிறதா? மதர்போர்டில் இருக்கும் ‘சிஆர்2032’ என்ற 3 வோல்ட் வட்ட பேட்டரி தீர்ந்திருக்கலாம். கிளம்பி சில நிமிடத்தில் தானாக அணைந்தால் சூடுதான் காரணமாக இருக்கும். 40 டிகிரி வெயில் அடிக்கும் நம்ம ஊரில் பேனில் தூசி அடைத்தால் கேட்கவே வேண்டாம்.

லோகோ வருது, உள்ளே போகலையா?

முதலில் பென்டிரைவை பிடுங்குங்கள். விண்டோஸ் 10, 11-ல் தொடங்கும்போதே மூன்று முறை அணைத்தால் பழுதுநீக்கும் திரை தானாக வரும். அதில் ‘சேப் மோடு’க்கு போய், கடைசியாக போட்ட மென்பொருளை நீக்கிப் பாருங்கள்.

இதற்கு உலகமே பார்த்த உதாரணம் உண்டு. 2024 ஜூலை 19-ந்தேதி ‘கிரவுட்ஸ்ட்ரைக்’ என்ற பாதுகாப்பு மென்பொருளின் தவறான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களிலும் போர்டிங் பாசை கையால் எழுதிக் கொடுத்தார்கள். சேப் மோடில் போய் ஒரே ஒரு பைலை அழித்ததும் கம்ப்யூட்டர் எழுந்துகொண்டது. பார்மட் தேவைப்படவில்லை!

கடைக்கு போகும் முன்...

“டேட்டாவை எடுத்துட்டு அப்புறம் கை வைங்க” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஹார்டு டிஸ்க்கை கழற்றி வேறு கம்ப்யூட்டரில் இணைத்தோ, பென்டிரைவில் லினக்ஸ் போட்டோ பைல்களை எடுத்துவிடலாம். ‘பிட்லாக்கர்’ பூட்டு இருந்தால் 48 இலக்க எண் கேட்கும். உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஹார்டு டிஸ்க்கில் ‘டிக்... டிக்...’ என்று சத்தம் வந்தால் மட்டும் உடனே அணைத்துவிடுங்கள். திரும்பத் திரும்ப ‘ஆன்’ செய்தால், மிஞ்சியிருக்கும் பைல்களும் போய்விடும். டிஸ்க் கெட்டால் புதிதாக வாங்கலாம். கல்யாண போட்டோவை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. எனவே கம்ப்யூட்டர் நன்றாக ஓடும்போதே ஒரு நகல் எடுத்து வைத்துவிடுங்கள்.