உங்களுக்குத் தெரியுமா? பெட்ரோல் காருக்கு ஒரு பிளக்

◆ பெட்ரோலிலும், பிளக்கில் சார்ஜ் செய்யும் பேட்டரியிலும் ஓடுகிற பிளக்-இன் ஹைப்ரிட் காரை வீட்டில் சார்ஜ் செய்யப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. 2023-ல் வந்த டொயோட்டா பிரியஸ் பிரைமின் பேட்டரி 13.6 யூனிட் மின்சாரம் கொள்ளும். அமெரிக்க வீடுகளின் சாதாரண 120 வோல்ட் பிளக்கில் செருகினால் நிரம்பச் சுமார் 11 மணி நேரம் ஆகும். 240 வோல்ட்டில் 4 மணி நேரம். அடிப்படை மாடல் ஒரு முழு சார்ஜில் பெட்ரோலே தொடாமல் 70 கிலோமீட்டர் போகும் என்பது அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமையின் கணக்கு. சாயங்காலம் வீடு திரும்பி மறுநாள் காலையில் கிளம்புகிறவருக்குச் சாதாரண பிளக்கே போதும்.

◆ அமெரிக்காவில் 240 வோல்ட் என்பது துணி உலர்த்தும் மெஷின், மின் அடுப்பு போன்றவற்றுக்கென்று தனியாக இழுக்கும் லைன். நம் வீடுகளில் சுவரில் உள்ள எல்லா பிளக்கிலும் வருவதே 230 வோல்ட். ஒயரிங் சரியாக இருந்தால், ஏ.சி.க்குப் போடும் 15 ஆம்பியர் பவர் பிளக், அமெரிக்கர் எலக்ட்ரீஷியனை அழைத்துச் செலவு செய்து வாங்கும் வேகத்தை ஏறக்குறைய தந்துவிடும்.

◆ ஆனால் அந்த "ஒயரிங் சரியாக இருந்தால்" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கீசர் பத்து நிமிடம் ஓடி நின்றுவிடும். கார் விடிய விடிய இழுக்கும். லூஸாக இருக்கும் ஒரு ஸ்க்ரூ பத்து நிமிடத்தில் காட்டாத சூட்டை ஐந்தாவது மணி நேரத்தில் காட்டும். மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ விடாமல் ஓடும் எந்தச் சாதனத்துக்கும் லைனின் திறனில் 80 சதவீதத்தைத்தான் தரலாம் என்று அமெரிக்க மின் விதிகள் சொல்வது இதனால்தான். காருடன் வரும் கேபிள், அங்கே 15 ஆம்பியர் பிளக்கிலிருந்து 12 ஆம்பியர் மட்டும் எடுப்பதும் அந்தக் கணக்குப்படியே. எந்த ஊரானாலும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் காரைச் செருகவே கூடாது. மெயின் போர்டிலிருந்து தனி ஒயர், தனி எம்.சி.பி., கசிவைக் கண்டு துண்டிக்கும் ஆர்.சி.சி.பி., ஒழுங்கான எர்த் ஆகிய நான்கும் வேண்டும். எர்த் இல்லாவிட்டால் பல கேபிள்கள் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு வேலை செய்ய மறுக்கும். அதை ஏமாற்றிச் சார்ஜ் செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். முதல் சில இரவுகள் பிளக்கை வெளிப்புறமாகத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே சார்ஜை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

◆ ஏ.சி. மின்சாரத்தை பேட்டரிக்கு ஏற்ற டி.சி.யாக மாற்றும் வேலை, சார்ஜ் செய்வதற்கென்று சிலர் சுவரில் மாட்டும் பெட்டியில் நடப்பதில்லை. அதற்கான சாதனம் காருக்குள்ளேயே இருக்கிறது. சுவர்ப் பெட்டி, கேட்கும்போது மின்சாரத்தைத் திறந்து, ஆபத்து வந்தால் மூடும் வாயிற்காவலன். ஆகவே எவ்வளவு பெரிய பெட்டி வாங்கினாலும் காருக்குள் இருக்கும் சாதனத்தின் வேகத்தைத் தாண்டாது. காரின் வேகம் 3.5 கிலோவாட் என்றால் 11 கிலோவாட் பெட்டிக்குப் பணம் கொடுப்பது வீண்.

◆ துப்பாக்கி போன்ற கைப்பிடியைக் காரில் செருகியதும் மின்சாரம் பாய்ந்துவிடுவதில்லை. முதலில் பெட்டியும் காரும் ஒரு மெல்லிய கம்பி வழியாகப் பேசிக்கொள்கின்றன. கார் இல்லாதபோது அந்தக் கம்பியில் 12 வோல்ட் இருக்கும். கார் சேர்ந்ததும் 9 ஆகக் குறையும். கார் "நான் தயார்" என்றால் 6 ஆகும். அப்போதுதான் பெட்டிக்குள் ரிலே 'டக்' என்று மூடிக்கொள்ளும். எத்தனை ஆம்பியர் எடுக்கலாம் என்பதையும் அதே கம்பியில் நொடிக்கு 1,000 முறை துடிக்கும் அலையின் அகலம் சொல்கிறது: 10 சதவீதம் என்றால் 6 ஆம்பியர், 50 சதவீதம் என்றால் 30. அமெரிக்காவின் ஐந்து முனை பிளக், ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் உள்ள ஏழு முனை டைப் 2 பிளக், இரண்டுக்கும் இந்தப் பேச்சு ஒன்றுதான். செருகாத கைப்பிடியின் முனைகளில் மின்சாரம் இல்லாததற்கும் இதுவே காரணம்.

◆ பிரியஸுக்கு முதலில் பிளக் கிடையாது. செருகவே வேண்டாம் என்பதுதான் அதன் பெருமையாக விளம்பரப்படுத்தப்பட்டது. 2004-ல் கலிபோர்னியாவில் ரான் கிரெம்பன், ஃபெலிக்ஸ் கிரேமர் இருவரும் தன்னார்வலர்களோடு சேர்ந்து, ஒரு பிரியஸில் சாதாரண ஈய-அமில பேட்டரிகளை அடுக்கி, பிளக் வைத்து ஓட்டிக் காட்டினார்கள். அதே மாநிலத்தின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆண்ட்ரூ ஃபிராங்க் மாணவர்களோடு பல ஆண்டுகளாக இதே வகைக் கார்களைச் செய்துவந்தார். தொழிற்சாலையில் பெருமளவில் செய்த முதல் பிளக்-இன் ஹைப்ரிட், சீனாவின் பிஒய்டி எஃப்3டிஎம். அது 2008 டிசம்பரில் வந்தது. பிளக் வைத்த பிரியஸை டொயோட்டா 2012-ல்தான் கடைக்குக் கொண்டுவந்தது.

◆ ஐரோப்பியத் தெருக்களில் 22 கிலோவாட் என்று எழுதிய கம்பங்கள் நிறைய உண்டு. அந்த வேகம் மூன்று ஃபேஸிலும் எடுக்கும் கார்களுக்கு. பெரும்பாலான பிளக்-இன் ஹைப்ரிட்கள் ஒரு ஃபேஸில் 16 ஆம்பியர்தான் எடுக்கும், அதாவது 3.7 கிலோவாட். கம்பத்தில் பல சமயம் கேபிள் இருக்காது; உங்கள் கேபிளை டிக்கியில் வைத்துக்கொண்டு போக வேண்டும்.

◆ நெடுஞ்சாலையோர டி.சி. ஃபாஸ்ட் சார்ஜரில் பெரும்பாலான பிளக்-இன் ஹைப்ரிட்களைச் செருகவே முடியாது. 2013-ல் வந்த மிட்சுபிஷி அவுட்லேண்டர் ஒரு விதிவிலக்கு: ஜப்பானின் சாடெமோ சார்ஜரில் சுமார் அரை மணியில் 80 சதவீதம் ஏறும். முடிகிற கார் வைத்திருந்தாலும், பின்னால் முழு மின்சாரக் கார் காத்து நின்றால் இடத்தை விட்டுக்கொடுப்பதே முறை என்பது என் கருத்து. நமக்கு பெட்ரோல் டேங்க் இருக்கிறது, அவருக்கு இல்லை.

◆ சார்ஜ் செய்யாமலே ஓட்டினால் என்ன ஆகும்? 2018-ல் பிரிட்டனில், நிறுவனங்கள் ஊழியர்களுக்குக் கொடுத்த சில கார்களில் சார்ஜிங் கேபிள் பிரிக்கப்படாத உறையோடு கிடந்ததாக பிபிசி செய்தி வெளியிட்டது. வரிச் சலுகைக்காக வாங்கியவை அவை. 2021-ல் பதிவான கார்களின் உண்மையான எரிபொருள் கணக்கை ஐரோப்பிய ஆணையம் 2024 மார்ச்சில் வெளியிட்டது. பிளக்-இன் ஹைப்ரிட்கள் சாலையில் விடும் கரியமில வாயு, சோதனைக்கூடத்தில் அளந்ததைப்போல் மூன்றரை மடங்கு. நினைத்த அளவுக்கு யாரும் சார்ஜ் செய்யவில்லை, மின்சாரத்தில் ஓட்டவில்லை என்பதே ஆணையம் சொன்ன முக்கியக் காரணம். பேட்டரி தீர்ந்தபின் இந்தக் கார் எடை கூடிய ஒரு சாதாரண ஹைப்ரிட், அவ்வளவுதான். சலுகை கொடுக்கும் எந்த அரசும் முதலில் பார்க்க வேண்டிய எண் அந்த மூன்றரை மடங்கு.

◆ இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. தினமும் சார்ஜ் செய்து ஓட்டுகிறவரின் டேங்கில் பெட்ரோல் பழசாகிவிடும். செவ்ரோலே வோல்ட் என்ற பிளக்-இன் கார் இதைக் கணக்கு வைத்திருக்கும்: டேங்கில் இருப்பது சராசரியாக ஒரு வருடத்தைத் தாண்டினால் என்ஜினைத் தானே ஓட்டித் தீர்க்கும். ஒன்றரை மாதம் போல என்ஜின் ஓடாமலே கிடந்தாலும், உள்ளே எண்ணெய் பரவ, சில நிமிடம் ஓட்டும். ஆவி வெளியேறாதபடி டேங்க் அழுத்தத்தோடு மூடியிருப்பதால், பெட்ரோல் பங்க்கில் பட்டனை அழுத்திச் சில நொடி காத்திருந்தால்தான் மூடி திறக்கும்.

◆ மின்சாரம் திரும்பியும் வரும். ஜப்பானில் விற்கும் அவுட்லேண்டரில் 1,500 வாட் வரை தரும் வீட்டு பிளக் உண்டு. புயலிலோ நிலநடுக்கத்திலோ மின்சாரம் போனால் குளிர்பதனப் பெட்டியையும் விளக்கையும் காரிலிருந்தே ஓட்டலாம். பேட்டரி தீர்ந்தால் என்ஜின் பெட்ரோலை எரித்து மின்சாரம் எடுக்கும். பேட்டரியும் டேங்க்கும் நிறைந்திருந்தால் ஒரு சராசரி ஜப்பானிய வீட்டுக்குச் சுமார் பத்து நாள் தேவையைத் தரும் என்பது மிட்சுபிஷியின் கணக்கு. என்ஜின் ஓடும்போது காரை மூடிய ஷெட்டுக்குள் நிறுத்தக் கூடாது. புகை உயிருக்கே ஆபத்து.