பளபள கத்தரிக்காய்... பயப்பட வேண்டுமா?

"டாக்டர், வீட்டுல கத்தரிக்காய், தக்காளி, சோளம் எல்லாத்தையும் நிறுத்திட்டேன். மரபணு மாத்தின காய்தான் இவனுக்கு ஒத்துக்கலைன்னு தோணுது..."

ஏழு வயதுப் பையனைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு தாய் சொன்னது இது. பையனின் கை, முதுகெல்லாம் காணாக்கடித் தடிப்பு. ஆளும் இளைத்துப் போயிருந்தான். பின்னே? நாலு மாதமாகக் காய்கறியைக் கண்ணிலேயே காட்டவில்லையே!

"முதல்ல ஒரு நோட்டு போடும்மா" என்றேன். தினமும் என்ன சாப்பிட்டான், எப்போது தடிப்பு வந்தது என்று இரண்டு வாரம் எழுதி வந்தார். வேர்க்கடலை சேர்த்த நாட்களில் மட்டும்தான் தடிப்பு! ஒவ்வாமைப் பரிசோதனைக்கு அனுப்பினேன். அதுவும் வேர்க்கடலையைத்தான் காட்டியது. அதை நிறுத்தியதும் தடிப்பு நின்றது. காய்கறி மறுபடி தட்டுக்கு வந்தது.

ஆனாலும் அந்தத் தாயின் பயத்தை நான் சிரித்து ஒதுக்கவில்லை. அதில் நியாயமான ஒரு கேள்வி இருக்கிறது. மரபணு மாற்று உணவை எப்படித்தான் சோதிக்கிறார்கள்?

எது மரபணு மாற்றுக் காய்?

காய் பெரிதாக, பளபளப்பாக இருந்தால் அது மரபணு மாற்றுக் காய் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அவை பெரும்பாலும் இரண்டு ரகங்களைக் கலந்து உண்டாக்கிய வீரிய ஒட்டு ரகங்கள்.

மரபணு மாற்றம் என்பது வேறு. மண்ணில் பி.டி. என்றொரு பாக்டீரியா உண்டு. அதிலுள்ள ஒரு மரபணுவை எடுத்துச் செடிக்குள் வைத்துவிட்டால், அந்தப் புரதத்தைச் செடியே தயாரிக்கும். கடித்த புழு செத்துப்போகும். 'புழு செத்தால் மனுஷன் மட்டும் பிழைப்பானா?' என்பீர்கள். புழுவின் குடலில் காரத்தன்மை அதிகம். அங்கேதான் இந்தப் புரதம் வேலை செய்யும். நம் இரைப்பையிலோ அமிலம். புழுவின் குடலில் அந்தப் புரதம் போய் ஒட்டிக்கொள்கிற இடங்களும் நம் குடலில் இல்லை.

நம் நாட்டில் முறையான அனுமதியோடு விவசாயிகள் பயிரிடுவது, 2002 முதல், பி.டி. பருத்தி மட்டும்தான். அதன் விதையிலிருந்து எண்ணெய் எடுக்கிறார்கள். சுத்திகரித்த எண்ணெயில் புரதம் அநேகமாக இருக்காது. ஒவ்வாமையைக் கிளப்புவது பெரும்பாலும் புரதம்தான் என்பதை மறக்காதீர்கள்.

சோதனை எப்படி?

இதற்கு 2003-ல் சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸும், 2008-ல் நம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நெறிமுறைகள் வகுத்தன. சுருக்கமாகச் சொன்னால்...

* பழைய காயிலும் புதிய காயிலும் சத்துகள், நச்சுப் பொருட்கள் ஒரே அளவில் இருக்கின்றனவா என்று ஒப்பிடுவது.

* புதிய புரதம், ஏற்கனவே ஒவ்வாமை தருவதாகத் தெரிந்த புரதங்களின் ஜாடையில் இருக்கிறதா என்று பார்ப்பது.

* இரைப்பை நீர் போன்ற திரவத்தில் போட்டு, எவ்வளவு சீக்கிரம் கரைகிறது என்று பார்ப்பது. கரையாமல் அடம்பிடித்தால் சந்தேகம்தான்.

* எலிகளுக்கு, பெரும்பாலும் 90 நாள், கொடுத்துப் பார்ப்பது.

எலிச் சோதனையில் நஞ்சு தெரியும். ஆனால், 'எனக்கு அரிக்குது' என்று எலி சொல்லுமா? அதனால்தான் மற்ற சோதனைகள் முக்கியம்.

பிடிபட்டது ஒன்று, நழுவியது ஒன்று

அமெரிக்காவில் ஒரு விதைக் கம்பெனி, கால்நடைத் தீவனத்துக்காக, சோயாவில் பிரேசில் நட் என்ற கொட்டையின் மரபணுவைச் சேர்த்தது. சத்து கூடியது. ஆனால் அந்தக் கொட்டை ஒத்துக்கொள்ளாதவர்களின் ரத்தத்தை எடுத்துச் சோதித்தார்கள். மூன்று பேருக்குத் தோலில் ஊசியால் லேசாகக் குத்தியும் பார்த்தார்கள். சாதாரண சோயாவுக்குத் தடிக்காத தோல், புதிய சோயாவுக்குத் தடித்தது! முடிவு 1996-ல் வெளியானது. அந்தச் சோயா கடைக்கு வரவேயில்லை. சோதனை காப்பாற்றியது.

இன்னொரு கதை. ஸ்டார்லிங்க் என்ற மக்காச்சோளத்தின் புரதம் எளிதில் ஜீரணமாகாது என்பதால், 1998-ல் கால்நடைத் தீவனத்துக்கு மட்டும் அனுமதித்தார்கள். 2000-ல் அது மனிதர்கள் சாப்பிடும் பண்டத்தில் இருந்தது! கடைகளிலிருந்து சரக்கைத் திரும்பப் பெற்றார்கள். உடம்புக்கு ஆகவில்லை என்றவர்களில் 28 பேரை ஆராய்ந்தபோது, அந்தப் புரதத்தால்தான் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் பாடம் கிடைத்தது. சோதித்தால் மட்டும் போதாது, அதற்குப் பிறகு காவலும் வேண்டும்.

நம் கத்தரிக்காய்

2009 அக்டோபரில் பி.டி. கத்தரிக்கு நிபுணர் குழு பச்சைக்கொடி காட்டியது. அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்டு, 2010 பிப்ரவரி 9-ல் நிறுத்திவைத்தார். கம்பெனியைச் சாராத, நீண்டகாலச் சோதனைகள் வேண்டும் என்பது முக்கியக் காரணம். அந்தத் தடை இன்னும் நீடிக்கிறது. பக்கத்து வங்கதேசமோ 2013-ல் அனுமதித்தது.

என் கருத்து என்ன? எங்கள் சித்த மருத்துவத்தில் கத்தரிக்காயைக் கரப்பான் பண்டம் என்று தோல் நோயாளிகளுக்குப் பத்தியத்தில் நிறுத்துவோம். மற்றவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம். ஒருவருக்கு ஒத்துக்கொண்டது இன்னொருவருக்கு ஒத்துக்கொள்ளாது. அதனால், 'மரபணு மாற்று உணவெல்லாம் விஷம்' என்பதும் தப்பு, 'எல்லாமே பத்திரம்' என்பதும் தப்பு. ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். சேர்த்த புரதம் எது, சோதித்தது யார், முடிவை எல்லோரும் பார்க்கும்படி வைத்தார்களா... கேட்க வேண்டியது இவைதான்.

நீங்கள் செய்ய வேண்டியது

* பயந்து காய்கறியை நிறுத்தாதீர்கள். ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிச் சமையுங்கள்.

* தடிப்பு, அரிப்பு வந்தால் சாப்பாட்டு நோட்டு போடுங்கள். நீங்களாக ஒரு பொருளைக் குற்றவாளி ஆக்காதீர்கள்.

* உதடு, நாக்கு வீங்கினால், மூச்சு இரைத்தால் கைவைத்தியம் வேண்டவே வேண்டாம். என்னிடமும் வர வேண்டாம். நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்!