சாலையின் ஓரம் தெரியாதபோது

ஐப்பசி, கார்த்திகையில் காரைக்கால் பக்கம் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒன்றை நிதானமாகச் சொல்லியாக வேண்டும். உட்காருங்கள், டீ வரட்டும்.

முதலில் ஊரின் அமைப்பைப் பார்ப்போம். காரைக்கால் காவிரியின் கடைமடை. அரசலாறு, திருமலைராஜனாறு, வாஞ்சியாறு, நண்டலாறு என்று எத்தனையோ ஆறுகள் இந்தச் சின்ன வட்டாரத்தின் வழியாகத்தான் கடலுக்குப் போகின்றன. நிலம் தட்டையானது. புயல் நேரத்தில் கடல் ஏறி நின்றால் முகத்துவாரத்தில் ஆற்றுநீர் இறங்காது, வாய்க்காலும் வடியாது. வயலில் நிற்கும் நீர் சாலைமேல் ஏறிவிடும். 2008 நவம்பர் 27-ல் நிஷா புயல் காரைக்கால் அருகேதான் கரை கடந்தது. 2022 நவம்பரில் பக்கத்துச் சீர்காழியில் ஒரே நாளில் சுமார் 44 செ.மீ. மழை கொட்டியது. இது நமக்குப் புதிதல்ல, திரும்பவும் வரும்.

நெடுங்காடு, அம்பகரத்தூர், திருநள்ளாறு பக்கத்து உட்சாலைகளில் பலவும் வாய்க்காலை ஒட்டியே போகின்றன. வெள்ளம் ஏறினால் தாரும் வாய்க்காலும் ஒரே மட்டமாகத் தெரியும். சாலைமேல் முழங்கால் தண்ணீர்தான் இருக்கும். இரண்டடி தள்ளினால் ஆள் மூழ்கும் ஆழம். மதகுக்கு அடியில் மண் அரித்துப் போயிருந்தாலும் மேலிருந்து தெரியாது. அதனால் ஆழத்தைப் பார்க்கும் முன் ஓரத்தைப் பாருங்கள். கைப்பிடிச் சுவரோ மைல்கல்லோ சாலையின் இரு ஓரத்தையும் காட்டவில்லையென்றால் இறங்காதீர்கள். ஊர்க்காரர் ஒருவரைக் கேளுங்கள். இருட்டில் இந்தச் சோதனை எதுவும் நடக்காது. விடியும்வரை காத்திருப்பதே வழி.

கார் கனமானதுதானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். சிறிய காரின் அடிப்பரப்பு ஏறக்குறைய 6 சதுர மீட்டர். அடித்தளத்துக்கு மேல் 10 செ.மீ. நீர் ஏறினால் கார் விலக்கும் நீர் 600 லிட்டர். அதாவது 600 கிலோ எடையைத் தண்ணீர் தூக்கிக்கொள்கிறது. தரையிலிருந்து 30 செ.மீ. ஆழம் என்றால் 900 கிலோ காரின் எடையில் பெரும்பகுதி போய்விடும். டயருக்குப் பிடிமானம் தருவதே அந்த எடைதான். அப்போது நீரோட்டம் பக்கவாட்டில் தள்ளினால் கார் நகரும். ஓட்டத்தின் வேகம் இரட்டித்தால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். தேங்கிய நீரும் சாதுவானதல்ல. 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூர் ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய மழைநீரில் கார் மூழ்கி ஒரு பெண் மருத்துவர் உயிரிழந்தார்.

ஓரம் தெரிகிறது, ஓட்டம் இல்லை, நீர் சக்கரத்தின் பாதிக்கும் கீழே என்றால் மட்டும் இறங்கலாம். எதிர்வண்டி கரையேறட்டும், அது எழுப்பும் அலைதான் உங்கள் இன்ஜினுக்குள் நீரை ஏற்றும். முதல் கியரில், ஆக்சிலேட்டரை ஒரே சீராக வைத்து, சாலையின் நடுவில், நடக்கும் வேகத்தில் போங்கள். நடுவில் கியர் மாற்ற வேண்டாம். இன்ஜின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வண்டியைத் தள்ளிக் கரையேற்றி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். நீரைத் தாண்டியதும் மெதுவாக ஓட்டியபடி பிரேக்கை லேசாகச் சில முறை அழுத்துங்கள், ஈரம் காயும்.

நீர் வடிந்த பிறகு மிஞ்சுவது சேறு. டெல்டாவின் களிமண் காய்ந்தால் கல், நனைந்தால் எண்ணெய். சம்பா நடவிலும் தை மாத அறுவடையிலும் டிராக்டர்கள் வயல்சேற்றைத் தார்மேல் இழுத்துவிடுகின்றன. அதன்மேல் ஒரு தூறல் விழுந்தால் இரு சக்கர வண்டி நிற்காது. சேறு தெரியும்போதே, அதற்கு முன்பாகவே வேகத்தைக் குறையுங்கள். சேற்றின்மேல் பிரேக்கும் வேண்டாம், திடீர்த் திருப்பமும் வேண்டாம். வண்டி வழுக்கினால் ஆக்சிலேட்டரை விட்டு, போக வேண்டிய திசையைப் பார்த்து ஹேண்டிலைப் பிடியுங்கள். சக்கரம் புதைந்தால் முறுக்காதீர்கள். முறுக்க முறுக்க ஆழமாகும். தென்னை மட்டையோ கோணிச்சாக்கோ சக்கரத்துக்கு முன்னால் போட்டு மெல்ல எடுங்கள்.

அகலமான நெடுஞ்சாலையில் ஆபத்து வேறு. மெல்லிய நீர்ப்படலத்தின்மேல் வேகமாகப் போனால் டயர் தரையை விட்டு மிதக்கும். 1960-களில் அமெரிக்காவின் நாசா ஆய்வாளர் வால்டர் ஹார்ன் கண்ட கணக்கின்படி, 32 பவுண்டு காற்றுள்ள டயர் மணிக்கு சுமார் 94 கி.மீ. வேகத்தில் மிதக்கத் தொடங்கும். காற்று 20-க்கு இறங்கியிருந்தால் 74 கி.மீ.யிலேயே. மழைக்காலத்துக்கு முன் காற்றையும் டயரின் பள்ளத்தையும் பாருங்கள். பள்ளம் 1.6 மி.மீ.க்குக் கீழே தேய்ந்த கார் டயரைச் சட்டமும் ஏற்காது.

இத்தனையும் தெரிந்த ஓட்டுநரும் தண்ணீரில் இறங்கிவிடுவது உண்டு. காரணம் அவசரம்: மீன் லோடு கெட்டுவிடும், பள்ளி வேன் தாமதமாகும், வீட்டில் காத்திருக்கிறார்கள். அதனால் என் கடைசி வேண்டுகோள் ஓட்டுநருக்கு அல்ல, அவருக்காகக் காத்திருப்பவருக்கு. “எங்கே இருக்கீங்க, இன்னும் வரலையா?” என்று மழையில் போன் போட்டு விரட்டாதீர்கள். “தண்ணீர் நின்னா திரும்பிடுங்க, நேரமானா பரவாயில்லை” என்று அவர் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள்.