கர்ப்பகாலத்து மேல்வயிற்று வலி: வாய்வு மட்டும்தானா?

எங்கள் வீடுகளில் பிள்ளைத்தாய்ச்சி ஒருவர் நெஞ்சுக்குக் கீழே வலிக்கிறது என்று சொன்னால், "அது வாய்வுதான்" என்ற பதிலே முதலில் வரும். இஞ்சித் தேத்தண்ணி கொடுப்பார்கள், தைலம் தடவிவிடுவார்கள். பல வேளைகளில் அந்தப் பதில் சரியாகவும் இருக்கும். ஆனால் அது எப்போது பிழையாகும் என்பதை அறிந்திருந்தால் தாய், சிசு ஆகிய இரு உயிர்களைக் காக்க முடியும். உயர்தரத்தில் உயிரியல் கற்கும் மாணவி என்ற வகையில் நான் விளங்கிக்கொண்டதை எழுதுகிறேன்.

விலா எலும்புகளுக்குக் கீழே, தொப்புளுக்கு மேலே உள்ள பகுதியே மேல்வயிறு. இரைப்பை, ஈரல், பித்தப்பை, சதையி ஆகியன அங்கே அமைந்துள்ளன.

கர்ப்பகாலத்தில் அதிகமாகச் சுரக்கும் புரொஜெஸ்தரோன் என்னும் ஓமோன் தசைகளைத் தளர்த்துகிறது. களமும் இரைப்பையும் சந்திக்கும் இடத்திலுள்ள இறுக்கித் தசையும் தளர்வதால் அமிலம் மேலேறி நெஞ்செரிவு உண்டாகிறது. வளரும் கருப்பை இரைப்பையை மேல்நோக்கித் தள்ளுவதால் கடைசி மாதங்களில் இது கூடும். சிறிது சிறிதாகப் பல தடவை உண்பதும், உண்டவுடன் படுக்காதிருப்பதும், பொரித்த, காரமான உணவைக் குறைப்பதும் ஆறுதல் தரும். தனக்கோ சிசுவுக்கோ தீங்கு நேரும் என அஞ்சும் கர்ப்பிணிக்கு நோன்பை விடுவதற்கு மார்க்கம் சலுகை தந்திருப்பதையும் மறக்கலாகாது.

இதே ஓமோன் பித்தப்பை சுருங்குவதையும் மந்தமாக்குகிறது. தேங்கும் பித்தத்தில் கற்கள் உருவாகலாம். கொழுப்புணவு உண்டபின் வலப்பக்க விலாவின் கீழ் எழுந்து, முதுகுக்கோ வலத் தோளுக்கோ பரவும் வலி இதன் அறிகுறியாகும். சதையியின் அழற்சியால் வரும் கடும் வலியும் முதுகுவரை ஊடுருவும்.

எல்லாவற்றிலும் நாம் அஞ்ச வேண்டியது பிரீஎக்லம்சியா. பொதுவாக 20 வாரங்களுக்குப் பின்னரே இது தோன்றுகிறது. குருதி அமுக்கம் 140/90 அல்லது அதற்கு மேல் உயரும். பெரும்பாலும் சிறுநீரில் புரதம் வெளியேறும். நோய் கடுமையாகும்போது ஈரல் பாதிக்கப்பட்டு வீங்குகிறது. ஈரலைச் சுற்றியுள்ள மெல்லிய உறை இழுபடுவதால் வலப்பக்கத்திலோ நடுவிலோ வலி உண்டாகிறது. இரைப்பை அருகிலேயே இருப்பதால் அது வாய்வு போலவே தோன்றும். ஏமாறும் இடம் இதுதான்.

இந்நோயின் ஆரம்பத்தில் தாய்க்கு எந்த வருத்தமும் தெரியாமல் இருக்கலாம். கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் குருதி அமுக்கம் அளந்து சிறுநீரைச் சோதிப்பது இதற்காகவே. "சுகமாகத்தானே இருக்கிறேன்" என்று ஒரு கிளினிக்கையேனும் தவறவிடக் கூடாது.

மேல்வயிற்று வலியோடு கடும் தலைவலி, பார்வை மங்குதல், கண்ணில் ஒளி மின்னுதல், முகமும் கைகளும் திடீரென வீங்குதல், வாந்தி, மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எதுவும் இருந்தால் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். காய்ச்சல், கண் மஞ்சளாதல், இரத்தப்போக்கு, வயிறு கல்லாக இறுகுதல், சிசுவின் அசைவு குறைதல் ஆகியனவும் அவ்வாறே. வேறு அறிகுறி இல்லாவிட்டாலும் குறையாத கடும் வலியைப் பொறுத்திருக்கக் கூடாது. வைத்தியரைக் கேளாமல் வலி மாத்திரை விழுங்கவும் கூடாது. பிரசவத்துக்குப் பின் ஆறு வாரங்கள் வரையும் இந்த நோய் தோன்றலாம் என்பதால், பிள்ளை பிறந்துவிட்டது என்று கவனத்தை விட்டுவிட முடியாது.

"இந்த நடுச்சாமத்தில் எல்லோரையும் எழுப்புவதா?" என்று தயங்கும் தாய்மார் நம்மிடையே பலர். ஆகவே இவ்வறிகுறிகளைக் கணவரும் மாமியும் வீட்டிலுள்ள வளர்ந்த பிள்ளைகளும் தெரிந்திருக்க வேண்டும். குடும்பநல உத்தியோகத்தரின் தொலைபேசி இலக்கத்தை எல்லோருக்கும் தெரியும் இடத்தில் எழுதி வையுங்கள். சுவசெரிய அம்பியூலன்ஸை 1990 என்ற இலக்கத்தில் இலவசமாக அழைக்கலாம்.

வைத்தியசாலைக்குப் போய், "வாய்வுதான், பயமில்லை" என்று கேட்டுத் திரும்பி வருவதில் எந்த வெட்கமும் இல்லை. அந்த வார்த்தையைக் குருதி அமுக்கத்தை அளந்து பார்த்தவர் சொல்லட்டும். அளக்காமல் நாம் சொல்ல வேண்டாம்.