சிறந்ததற்கு எவ்வளவு அருகில்?



கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதத்தில் வந்தவர்கள் இதனை அறிவார்கள். ரம்புக்கனை வரையில் இரட்டைப் பாதையில் விரைந்து வரும் வண்டி, அதற்குமேல் ஒற்றைப் பாதையில் மலையேறத் தொடங்குகிறது. இஹலகோட்டை, பலானை, கடுகண்ணாவை ஆகிய நிலையங்களுள் ஏதேனும் ஒன்றில் அது காத்து நிற்பதுண்டு. எதிரே இறங்கி வரும் வண்டி கடந்து சென்ற பின்னரே அதற்கு வழி கிடைக்கும். எந்த வண்டி எங்கே எவ்வளவு நேரம் நிற்பது என்பதை எவரோ முன்கூட்டியே வகுத்து வைத்திருக்கிறார். அவர் வகுத்ததைவிடச் சிறந்த ஏற்பாடு ஒன்று இருக்குமோ? பெட்டிக்குள் அமர்ந்து சலிப்புறும் நாம் அனைவரும், இருக்கும் என்றே எண்ணுகிறோம்.

பாடசாலை அதிபராகிய எனக்கும் இவ்வினா பழக்கமானதே. ஓராண்டு நான் நேரசூசியை வகுத்துச் சுவரில் ஒட்டிய மறுநாள், திங்கட்கிழமையில் நான்கு பாடவேளைகள் இடையீடின்றிக் கிடைத்த ஆசிரியை ஒருவர் என்னிடம் வந்தார். இதனினும் நல்ல நேரசூசி கிடையாதா என்று கேட்டார். கிடையாது என்று சொல்ல என்னிடம் சான்றில்லை. உண்டு என்று சொல்லவும் சான்றில்லை. கலைப் பட்டதாரியாகிய என்னைக் கணிதத்தின் பக்கம் திருப்பியது அந்தக் கேள்விதான்.

எல்லா ஏற்பாடுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சிறந்ததைத் தெரிந்துகொண்டால் என்ன? அறுபது வேலைகளை இருவருக்குப் பங்கிடுவதாகக் கொள்வோம். ஒவ்வொரு வேலையும் இவருக்கு அல்லது அவருக்கு என இரண்டு வழிகளே. எனினும் முப்பது வேலைகளுக்கே வழிகள் 107 கோடியைத் தாண்டும். அறுபதுக்கு அந்த 107 கோடியை அதனாலேயே பெருக்க வேண்டும். விநாடிக்கு 100 கோடி வழிகளைப் பார்க்கவல்ல கணினியும் அவற்றைப் பார்த்து முடிக்க முப்பத்தாறு ஆண்டுகள் ஆகும். அதற்குள் ஆசிரியையும் ஓய்வு பெற்றிருப்பார், நானும் இருக்கமாட்டேன்.

குறுக்கு வழி இல்லையா என்று அறிஞர்கள் தேடாமல் இல்லை. 1971ஆம் ஆண்டில் ஸ்டீபன் குக் என்பவரும், அடுத்த ஆண்டில் ரிச்சர்ட் கார்ப் என்பவரும், இத்தகைய கணக்குகள் பல ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்று காட்டினர். ஒன்றுக்கு விரைவான வழி கிடைத்தால் அனைத்துக்கும் கிடைத்துவிடும். பாடசாலை நேரசூசியும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே என்பது 1976இல் நிறுவப்பட்டது. இற்றைவரை அத்தகைய வழியை எவரும் கண்டிலர். அது இல்லை என்று நிறுவியவரும் இலர்.

சிறந்ததைக் காண இயலாதெனில், கண்டது போதும் என்று அமைவதா? இங்கேதான் 1966இல் அமெரிக்கக் கணித அறிஞர் ரொனால்ட் கிரகாம் வேறொரு கேள்வியைக் கேட்டார். சிறந்தது எது என்று தெரியாமலே, நாம் செய்தது அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கக்கூடும் என்பதற்கு ஓர் எல்லை கூறமுடியுமா? தெரியாத ஒன்றோடு எங்ஙனம் ஒப்பிடுவது என்று முதலில் நானும் மலைத்தேன். விடை வியக்கத்தக்க அளவு எளியது.

தவணைப் பரீட்சை முடிந்து, விடைத்தாட் கட்டுகள் மேசையில் கிடக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் மூவர் திருத்துகின்றனர். யார் கை ஓய்கிறதோ அவர் அடுத்த கட்டை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே விதி. எல்லாவற்றிலும் கடைசியாக முடியும் கட்டைக் கவனியுங்கள். அது தொடங்கிய நேரம் வரையில் மூவருமே ஓயாது திருத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சும்மா இருந்திருந்தால் அவர் அதனை முன்பே எடுத்திருப்பார். ஆகவே அதுவரை கழிந்த நேரம், மொத்த வேலையை மூன்றாகப் பகிர்ந்த பங்கினும் மிகாது. எத்துணைச் சிறந்த ஏற்பாடும் அந்தப் பங்கினும் விரைவாக முடியாதன்றோ? இனி, அந்தக் கடைசிக் கட்டையும் எவரோ ஒருவர் திருத்தியே ஆகவேண்டும். அதற்குச் செல்லும் நேரத்தினும் குறைவாகச் சிறந்த ஏற்பாடும் முடியாது. இரண்டையும் கூட்டினால், நம் ஏற்பாடு சிறந்ததன் இரு மடங்கைத் தாண்டாது. சிறந்தது எது என்பதை நாம் கண்டோமா? இல்லை. அதனாலும் தாண்ட முடியாத ஒரு தரையைக் கண்டோம், அது போதும்.

இரு மடங்கு என்பது பெரிய தவறல்லவா என்று நீங்கள் கேட்கலாம். ஒரு மணி நேரக் கட்டுகள் ஆறும் மூன்று மணி நேரக் கட்டு ஒன்றும் இருந்து, சிறியவற்றை முதலில் எடுத்தால், வேலை முடிய ஐந்து மணி நேரம் ஆகும். பெரியதை ஒருவர் முதலிலேயே எடுத்திருந்தால் மூன்று மணி நேரத்தில் அனைவரும் எழுந்து சென்றிருக்கலாம். ஆகவே பெரியதை முதலில் எடு என்ற விதியைச் சேர்த்துக்கொள்வோம். அவ்வாறு செய்தால், எத்தனை பேர் திருத்தினாலும் சிறந்ததற்கு மேல் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவாகவே பிழை வரும் என்று 1969இல் கிரகாமே நிறுவினார். மூவருக்கு அது ஒன்பதில் இரண்டு பங்குதான். நம் பாட்டிமார் இதனை அறியாதவரல்லர். பெட்டி அடுக்கும்போது பெரிய பாத்திரத்தை முதலில் வைப்பவர்கள் அவர்கள். அதனால் எவ்வளவு இழப்பு வரலாம் என்பதை மட்டும் எவரும் அளந்ததில்லை.

பெட்டி அடுக்குவதும் இந்தக் குடும்பத்துக் கணக்கே. கண்டிக்குப் புகையிரதம் வந்த 1867ஆம் ஆண்டிலேதான், இங்கிருந்து தொலைவில் இல்லாத லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலைப் பயிர்ச்செய்கையைத் தொடங்கினார். அன்று முதல் மலையிலிருந்து கொழும்புக்குச் சுமை ஏற்றி அனுப்புவது ஓயாத தொழிலாயிற்று. பத்துத் தொன் கொள்ளும் லொறிகளில் நான்கு, நான்கு, ஆறு, ஆறு தொன் எடையுள்ள சுமைகளை, பிரிக்காமல், வந்த வரிசையில் ஏற்றினால் மூன்று லொறிகள் வேண்டும். பெரியதை முதலில் ஏற்றினால் இரண்டே போதும். இவ்வழியைப் பின்பற்றினால் தேவையான லொறிகள், சிறந்ததன் ஒன்பதில் பதினொரு பங்கை அண்டியே நிற்கும் என்று டேவிட் ஜோன்சன் 1973இல் தம் ஆய்வேட்டில் காட்டினார். ஒன்பது லொறிகள் போதுமான இடத்தில் பதினொன்றுக்கு மேல் வேண்டியதில்லை என்ற துல்லியமான எல்லை 2007இல்தான் நிறுவப்பட்டது. ஒரு சிறு மிச்சத்தை அகற்ற முப்பத்து நான்கு ஆண்டுகள்! இந்தியரான நரேந்திர கர்மார்க்கரும் கார்ப்பும் 1982இல் வேறொரு வழி கண்டனர். லொறிகள் மிகப் பலவாகும்போது, அவ்வழியில் மிகையாக வேண்டுபவை அவற்றோடு ஒப்பிடும்போது மிகச் சிலவே.

மலைநாட்டில் இது வெறும் கணக்கன்று. மழை பிடித்து மண் சரிந்து, ஊர் ஒன்று துண்டிக்கப்பட்ட இரவில், அரிசி மூட்டைகளையும் பாய்களையும் கிடைத்த சில வாகனங்களில் ஏற்றியாக வேண்டும். முப்பத்தாறு ஆண்டு எண்ணிப் பார்க்க அங்கே எவருக்கும் நேரமில்லை. கைக்கு வந்தபடி ஏற்றி, ஒரு வாகனம் போதாமல் ஒரு கிராமத்தை விட்டுவிடவும் கூடாது. எவ்வளவு மிகையான வாகனம் கேட்டு வைத்தால் குறைவு வராது என்பதை முன்கூட்டியே சொல்லும் எல்லை, அந்த இரவில் பேருதவியாகும்.

ஆயினும் ஒன்றை மறைக்கலாகாது. இந்த எல்லைகள் எல்லாக் கணக்குக்கும் எளிதிற் கிட்டுவனவல்ல. எல்லாச் சுமையும் இரண்டு லொறிகளில் அடங்குமா, மூன்று வேண்டுமா என்று முடிவு செய்வதே அந்தக் கடினக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆகவே சிறிய எண்ணிக்கைகளில், எப்போதும் ஒன்றரை மடங்குக்குக் குறைவாகவே முடிப்பேன் என்று எந்த விரைவான வழியும் உறுதி தரமுடியாது, அக்குடும்பம் முழுவதற்கும் விரைவான வழி கிடைத்தாலன்றி. நேரசூசியின் நிலை இன்னும் மோசமானது. ஒரே ஆசிரியர் ஒரே வேளையில் இரண்டு வகுப்புகளில் நிற்க முடியாது. அங்கே ஏறக்குறையச் சரி என்பதற்கு இடமேயில்லை.

ஆகையால் அந்த ஆசிரியையின் கேள்விக்கு என்னிடம் இன்னும் விடையில்லை என்பதை அவரிடமே சொல்லிவிட்டேன். இருவரும் அமர்ந்து, அவருடைய மூன்றாம் பாடவேளையை வேறொருவருடையதோடு மாற்றினோம். கடந்த தவணை விடைத்தாள்கள் வந்தபோது, கட்டுகளை எடைபோட்டுப் பெரியதை மேலே அடுக்கியவர் அவர்தான்.