70 × 90: ஒரு பழைய புல்லட்டின் கணக்கு

என்ஃபீல்ட் இந்தியா 1955-இல் மதராஸில் தொடங்கப்பட்டது. அதன் 350 புல்லட்டுக்கு சிலிண்டர் விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் ஓடும் தூரம் 90 மி.மீ., கொள்ளளவு 346 சி.சி. அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்த அளவுகள் மாறாமல் இருந்தன. 40 வயதான வார்ப்பிரும்பு இன்ஜினை இன்றும் வீட்டு வாசலில் பிரித்துப் பூட்ட முடிகிறதென்றால், இந்த மாறாமைக்கு அதில் பெரும் பங்கு உண்டு.

முதலில் பணக் கணக்கு. உதிரி பாகங்களுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. 1,000 ரூபாய்ப் பொருளுக்கு 1,280 கொடுத்த இடத்தில் இப்போது 1,180. பதிவுபெற்ற பட்டறையில் 1,000 ரூபாய் கூலிக்கும் 180 ரூபாய் வரி உண்டு. நம் கைவேலைக்குக் கூலியும் இல்லை, வரியும் இல்லை. பதிவுப் புதுப்பிப்புக் கட்டணமோ எதிர்த்திசையில் போகிறது. 2022 மார்ச் வரை 300 ரூபாய், ஏப்ரலில் 1,000, 2025 ஆகஸ்டிலிருந்து 20 வயது கடந்த இருசக்கர வண்டிக்கு 2,000. ஐந்தாண்டுக்குப் பங்கிட்டால் ஆண்டுக்கு 400 ரூபாய். வண்டியை வைத்திருப்போருக்கு இது தாங்கக்கூடிய தொகைதான்.

பெரிய கணக்கு இன்ஜினுக்குள் இருக்கிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்றில், தீப்பொறியைத் தூண்டும் பாயிண்ட் 1,500 முறை திறக்கும்; மணிக்கு 90,000 முறை. ஒவ்வொரு முறையும் அதன் ஃபைபர் முனை கேம் மீது உரசித் தேய்கிறது. தேயத் தேய இடைவெளி சுருங்கும், தீப்பொறி தாமதிக்கும், இன்ஜின் சூடேறும். இருக்க வேண்டிய இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. போன முறை நான் மூடியைத் திறந்தபோது இடைவெளி அளக்கும் 0.30 மி.மீ. தகடே இறுக்கமாகத்தான் நுழைந்தது. ஓட்டும்போது எனக்கு ஒரு குறையும் தெரிந்திருக்கவில்லை. ஒரு திருகைத் தளர்த்தி, 0.35 தகடு லேசாகப் பிடித்து நகரவும் 0.40 நுழைய மறுக்கவும் வைத்து இறுக்கினேன். பத்து நிமிட வேலை, செலவு பூஜ்யம்.

வால்வுகளை இயக்கும் டாப்பெட்டுக்குத் தகடு தேவையில்லை. இன்ஜின் ஆறியிருக்கையில் இடைவெளி பூஜ்யம். டாப்பெட்டின் மேல் நிற்கும் புஷ்ராட் தண்டு இரு விரலால் திருப்பினால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது.

அடுத்தது ஆயில். 3,000 சுற்றில் பிஸ்டன் நிமிடத்துக்கு 540 மீட்டர் ஓடுகிறது, மணிக்கு 32.4 கி.மீ. அத்தனையும் ஆயில் படலத்தின் மேல். ஒருமுறை மாற்ற சுமார் 2.25 லிட்டர் பிடிக்கும். ஆண்டுக்கு 6,000 கி.மீ. ஓட்டி 3,000-க்கு ஒருமுறை மாற்றினால் 4.5 லிட்டர். ஒரு மாற்றத்தைத் தள்ளிப்போட்டால் 2.25 லிட்டர் மிச்சம்தான். ஆனால் சிலிண்டர் தேய்ந்து, அதைக் குடைந்து பெரிதாக்கும் போர் போட நேர்ந்தால், ஒருமுறைக்கு 0.020 அங்குலம், அதாவது 0.51 மி.மீ. விட்டம் கூடும், சுவரில் சுற்றிலும் கால் மி.மீ. இரும்பு போகும். இரண்டு முறை போட்டால் 346 சி.சி. சுமார் 356 ஆகும். மூன்று சதவீத ஏற்றம் லாபம் போலத் தெரியலாம். போன இரும்பு திரும்பாது. எல்லை தாண்டினால் புது லைனர்தான்.

என் 1984 வண்டி முதல் 0.020-இல் நிற்கிறது. அடுத்த 0.020-ஐ இன்னும் தொடவில்லை.