மந்திரம் எத்தனை நிமிஷம் தாங்கும்?

அமெரிக்காவில் 1974-ல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு பேர் சேர்ந்து கொண்டுவந்த விளையாட்டு ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. மேஜையைச் சுற்றி நாலைந்து பேர். ஒருவர் கதை சொல்லி கம் நடுவர். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேஷம்: வீரன், திருடன், மந்திரவாதி. என்ன செய்கிறேன் என்று வாயால் சொல்ல வேண்டியது, பகடையை உருட்ட வேண்டியது. அவ்வளவுதான்.

இதில் மந்திரவாதிக்கு ரெண்டு வேலை. எதிரி மேல் நெருப்பு எறிவது ஒன்று. கூட வருகிறவனுக்குத் தெம்பு ஏற்றுவது இன்னொன்று. தகராறெல்லாம் இந்த ரெண்டாவதில்தான். தெம்பு எவ்வளவு என்பதில் இல்லை சார், எவ்வளவு நேரம் என்பதில்!

2000-ல் வந்த மூன்றாம் பதிப்பில் ‘புல்ஸ் ஸ்ட்ரெங்த்’ என்று ஒரு மந்திரம். காளை பலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மந்திரவாதியின் லெவல் ஒன்றுக்கு ஒரு மணி நேரம் நிற்கும். ஐந்தாம் லெவல் ஆசாமி போட்டால் ஐந்து மணி நேரம். ஆனால் இந்த ஆட்டத்தில் சண்டையின் ஒரு சுற்று என்பது ஆறே விநாடி. நாலு சண்டை, சண்டைக்கு ஐந்து சுற்று என்றாலும் மொத்தம் ரெண்டு நிமிஷம். ரெண்டு நிமிஷ வேலைக்கு ஐந்து மணி நேர மந்திரமா?

பி.காம். படித்த புத்திக்கு இது சட்டென்று உறைக்கும். செலவுக் கணக்கில் எழுத வேண்டியதைச் சொத்துக் கணக்கில் ஏற்றிவிட்டார்கள்! காலையில் எழுந்ததும் காபி மாதிரி ஒரு மந்திரம். அப்புறம் அதை யாரும் நினைப்பதே இல்லை. வீரனின் பலம் நிரந்தரமாகவே கூடினமாதிரி. நடுவர் என்ன செய்வார்? பூதங்களையும் கொழுக்க வைப்பார். கடைசியில் மந்திரம் போடாதவனுக்குத்தான் உதை. மந்திரவாதியாக ஆடுகிற பையனோ தினம் காலையில் ரேஷன் கடை கிளார்க். ‘போடலாமா, வேண்டாமா’ என்று யோசிக்கிற சுகம் அவனுக்குப் போயே போச்சு.

2003-ல் வந்த 3.5 பதிப்பு, மணியை நிமிஷமாக வெட்டியது. சம்பளம் ஓவர்டைம் ஆயிற்று. நல்லதுதான். ஆனால் மந்திரம் போட்ட கையோடு எல்லோரும் மீட்டர் ஓடுகிற ஆட்டோவில் உட்கார்ந்த மாதிரி பறக்க ஆரம்பித்தார்கள். அறையைச் சோதிக்க நேரமில்லை, பேச நேரமில்லை, அடுத்த கதவை உடை! உள்ளே யாருமில்லை என்றால் முகம் தொங்கிப் போகும்.

2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பின் வழிதான் எனக்குப் பிடித்தது. கடிகாரத்தை மட்டும் நம்பவில்லை. இந்த மாதிரி மந்திரங்களில் பலவற்றுக்கு மந்திரவாதி மனதை ஒருமுகப்படுத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு சமயத்தில் ஒன்றுதான். அவன் மேல் அடி விழுந்தால் பகடை உருட்ட வேண்டும். தவறினால் மந்திரம் அணைந்துவிடும். எதிரி மந்திரவாதியைக் குறிவைக்கிறான், வீரன் குறுக்கே நிற்கிறான். வெறும் கால அளவாக இருந்தது சண்டையாகவே ஆகிவிட்டது, பாருங்கள்!

‘ஹேஸ்ட்’ என்ற வேக மந்திரம் இன்னும் தமாஷ். பழைய பதிப்புகளில் அதை வாங்கிக்கொள்கிறவனுக்கு ஒரு வயசு கூடிவிடும். ஐந்தாம் பதிப்பில் அது தீர்ந்ததும் ஒரு சுற்று முழுக்க நகர முடியாமல் நிற்பான்... எதிரே பூதம் இருந்தாலும்!